சுவருக்குக் கண்ணும் உண்டு!

தோழா!

சுவருக்கும் காது உண்டு என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறாய். பகலிலே பக்கம் பார்த்துப் பேசு, இரவிலே அதுவும் பேசாதே என்றும் எச்சரிப்பர். கோள் மூட்டும் உறவினருக்கும், புறங்கூறும் அண்டை வீட்டாருக்கும் அஞ்சிச் சொன்ன சொற்கள் அவை. அந்தச் சுவர் காதோடு நின்றது. அதற்குக் கண்ணும் முளைத்து, வாயும் முளைத்து, அந்தக் கண் இமைக்காமலும், அந்த வாய் ஓயாமலும் இருந்துவிட்டால்? அந்தச் சுவர், அண்டை வீட்டாருடையதாக இன்றி அரசாங்கத்தினுடையதாக இருந்துவிட்டால்? பிறகு வீடு என்ற சொல்லுக்குப் பொருள் ஏது! உறக்கத்திலே உளறிய சொல்லுக்கும் விடியற்காலையில் வழக்குத் தயாராகிவிடுமே!

"ஏன் இந்த விபரீதக் கற்பனை?" என்று கேட்பாய். கற்பனைதான், ஆயினும் என்னுடையதன்று. முப்பதாண்டு இடைவெளிக்குள்ளே இரு எழுத்தாளர்கள் கண்ட கொடுங்கனவு அது. ஒருவர் ரஷ்யர், மற்றவர் ஆங்கிலேயர். ஒருவர் கப்பல் கட்டும் பொறியாளர். மற்றவர் போலீஸ் உத்தியோகத்தை உதறித் தள்ளியவர். இருவரும் அதிகாரத்தின் அருகிலே நின்று அதன் முகத்தைப் பார்த்தவர்கள்; பார்த்ததனாலேயே பதறியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, கதை பேசலாம் வா! கதை முடிந்தபின் கணக்கும் பார்ப்போம்.

ரஷ்யரின் பெயர் யெவ்கேனி சம்யாதின். 1905ஆம் ஆண்டுப் புரட்சியின்போது போல்ஷ்விக் அணியிலே நின்று, ஜார் மன்னனின் சிறைச்சாலையைக் கண்டவர். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் வட்டாரத்துக் கப்பல் துறைகளிலே, ரஷ்யாவுக்காகப் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வையிட்டவர். 1917இல் நாடு திரும்பினார். 1920, 1921 ஆண்டுகளிலே ஒரு புதினம் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'நாம்'.

நாம்! எத்துணை இனிய சொல்! மேடையிலே நின்று அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. தனியாக வந்தவன் தான் தனியன் அல்லன் என்று உணர்கிறான். ஊர்வலத்திலே நடப்பவனுக்குக் கால்வலி தெரியாமற் செய்வதும் அந்தச் சொல்லே. ஆனால், தோழா, அந்த 'நாம்' பெருத்துப் பெருத்து 'நான்' என்பதையே விழுங்கிவிட்டால்? அதுதான் சம்யாதின் சொன்ன கதை.

அந்த நாட்டிலே மனிதருக்குப் பெயர் கிடையாது. ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமே உண்டு. கதையைச் சொல்பவன் டி-503. வீடுகளுக்குச் சுவர் உண்டு, ஆனால் எல்லாம் கண்ணாடி! ஒருவன் எழுவதும், உடுத்துவதும், எழுதுவதும், ஏங்குவதும் அடுத்தவன் கண்ணுக்குத் தெரியும். திரையை இறக்கிக்கொள்ள வேண்டுமா? அதற்கென ஓர் இளஞ்சிவப்பு நிற அனுமதிச் சீட்டு. அதற்கென ஒரு நேரம். எல்லோரும் ஒரே நொடியில் எழ வேண்டும். ஒரே நொடியில் உண்ண வேண்டும். ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். தலைவனுக்குப் பட்டம் என்ன தெரியுமா? நலம் புரிவோன்! கொடுங்கோலன் எவனும் தன்னைக் கொடுங்கோலன் என்று அழைத்துக் கொண்டதில்லை அல்லவா!

அந்த நாட்டிலே தேர்தலும் உண்டு, ஆண்டுதோறும். கூட்டமாகக் கூடுவர், நலம் புரிவோனுக்குக் கை உயர்த்துவர், ஒரு கையும் குறையாது. முடிவு முன்பே தெரிந்துவிட்டதால் குழப்பம் இல்லை என்று பெருமை வேறு பேசிக் கொள்வர். ஓர் ஆண்டு, எதிர்த்தும் ஆயிரக்கணக்கான கைகள் எழுந்தன. அரசு என்ன செய்தது? அந்தக் கைகள் எழவே இல்லை என்று அறிவித்தது. பிறகு, மனிதரின் மூளையிலிருந்து கற்பனை செய்யும் ஆற்றலை அகற்ற ஓர் அறுவை சிகிச்சையை அனைவருக்கும் கட்டாயம் ஆக்கியது. டி-503 அந்தச் சிகிச்சைக்கு ஆளானான். தான் உயிரெனக் காதலித்த பெண்ணையும் அவள் கூட்டாளிகளையும் காட்டிக் கொடுத்தான்; அவள் வதைக்கப்படுவதைப் பதற்றமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை, அழுவதற்கு அவனுள் யாரும் மிச்சமில்லை.

நூலின் கதையைக் கேட்டாய்; நூல் பட்ட பாட்டையும் கேள். எழுதப்பட்ட நாட்டில் அச்சேற அனுமதி இல்லை. 1924இல் நியூயார்க் நகரிலே ஆங்கில மொழிபெயர்ப்பாக முதன்முதல் வெளிவந்தது. 1929இல் அந்நூலைக் காட்டி ஆசிரியர் மீது கண்டனக் கணைகள் பாய்ந்தன. பத்திரிகைகளும் பதிப்பகங்களும் கதவை மூடின. 1931இல் சம்யாதின், ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, எழுத முடியாத எழுத்தாளனுக்கு இது மரண தண்டனை, வெளிநாடு செல்லவாவது விடுங்கள் என்று வேண்டினார். மாக்சிம் கார்க்கியின் முயற்சியால் அனுமதி கிடைத்தது. 1937இல் பாரிஸ் நகரிலே வறுமையிலே மறைந்தார். அவர் தாய்நாட்டிலே அந்நூல் அச்சானது 1988இல். எழுதியவர் மறைந்து 51 ஆண்டுகள் கழித்து!

இதை நீ நன்கு எண்ணிப் பார்க்கவேண்டும். அவர் புரட்சியின் பகைவர் அல்லர். புரட்சிக்காகச் சிறை சென்றவர். அரண்மனையை இழந்த சீமான் எழுதிய வசைநூல் அன்று அது. தோளோடு தோள் நின்றவன், தன் பாசறைக்கு உள்ளே இருந்து எழுப்பிய எச்சரிக்கை. இத்தகைய குரலுக்குத்தான் அதிகாரம் அதிகம் அஞ்சுகிறது. எதிரியின் ஏச்சை எளிதில் ஒதுக்கிவிடலாம். தோழனின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமே!

இனி ஆங்கிலேயர். ஜார்ஜ் ஆர்வெல் என்று உலகம் அறியும். எரிக் ஆர்தர் பிளேர் என்பது இயற்பெயர். பிறந்தது எங்கே என்கிறாய்? நம் இந்தியத் துணைக்கண்டத்திலேதான்! இன்றைய பீகார் மாநிலத்து மோதிஹாரியிலே, 1903ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள். தந்தைக்கு, வெள்ளை அரசாங்கத்தின் அபினி இலாகாவிலே உத்தியோகம். மகன் வளர்ந்ததும் 1922இல் இந்திய இம்பீரியல் போலீசிலே சேர்ந்து பர்மா சென்றார். ஐந்தாண்டுகள் ஏகாதிபத்தியத்தின் கண்ணாக, காதாக, தடியாக இருந்தார். 1927இல், போதும் இந்தப் பிழைப்பு என்று விலகினார். உளவு பார்க்கும் அரசாங்கத்தைப் பற்றி எழுதியவர், உளவு பார்க்கும் அரசாங்கத்திலே சம்பளம் வாங்கியவர். அடிபட்டவனுக்கு வலி தெரியும். அடித்தவனுக்கு அந்தத் தொழிலின் நுணுக்கமும் தெரியும் அல்லவா!

1936இன் இறுதியிலே ஸ்பெயினுக்குச் சென்றார். பிராங்கோவின் பாசிசப் படையை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தினார். 1937 மே மாதம் குண்டு கழுத்தைத் துளைத்தது. உயிர் தப்பினார். ஆனால் அவரைக் குண்டைவிட அதிகமாகக் காயப்படுத்தியது வேறொன்று. ஒரே முன்னணியிலே நின்று போராடிய கட்சி ஒன்றை, உடன் நின்றவர்களே பாசிசக் கைக்கூலிகள் என்று குற்றம் சாட்டி, தடை செய்து, சிறையில் அடைத்தனர். நடக்காத போர்கள் நடந்ததாகவும், நடந்த போர்கள் நடக்காததாகவும் ஏடுகள் எழுதக் கண்டார். மனைவியோடு எல்லை கடந்து தப்பினார். வரலாறு என்பது எழுதப்படும்போதே அழிக்கப்படுவதை நேரிலே கண்ட கண்கள் அவை.

1946 ஜனவரியிலே சம்யாதின் நூலுக்கு ஆர்வெல் மதிப்புரை எழுதினார். பின்னர், ஸ்காட்லாந்தின் ஜூரா தீவிலே, மின்சாரமும் அண்டை வீடும் இல்லாத ஒரு பண்ணை வீட்டிலே, காசநோய் நுரையீரலைத் தின்றுகொண்டிருக்க, தம் புதினத்தை எழுதினார். கடைசிப் பிரதியைப் பெரும்பாலும் படுக்கையிலே இருந்தபடியே தட்டச்சு செய்து முடித்தார். 1949 ஜூன் 8ஆம் நாள் '1984' வெளிவந்தது. 1950 ஜனவரி 21ஆம் நாள் ஆசிரியர் மறைந்தார். வயது 46.

அந்தக் கதையிலே அரசனுக்குப் பெயர் என்ன? பெரியண்ணன்! அண்ணன் என்ற சொல் நமக்கு எத்துணை நெருக்கமானது! தந்தை இல்லாத வீட்டிலே தாங்குபவன் அண்ணன். தங்கைக்குச் சீர் செய்பவன் அண்ணன். தடுக்கி விழுந்தால் தூக்கி விடுபவன் அண்ணன். அந்தப் பாச மொழியைத் திருடித் தன் முகமூடி ஆக்கிக்கொள்கிறது ஓர் அரசு. தெருத்தோறும் அவன் படம். படத்திலே, போகுமிடமெல்லாம் தொடரும் கண்கள். அவனை நேரிலே கண்டவர் இல்லை. அவன் இருக்கிறானா என்பதும் எவருக்கும் தெரியாது. ஆனாலும் அவனுக்கு அஞ்சுகிறார்கள். அதைவிடக் கொடுமை, அவனை நேசிக்கிறார்கள்.

அச்சத்தைக் கொண்டு ஆள்வது எப்படி? கேள், தோழா! தடியடியும் துப்பாக்கியும் மட்டுமே அடக்குமுறை என்று எண்ணுகிறவர்கள் ஏமாளிகள். தடி ஓங்கியவன் கை ஒருநாள் வலிக்கும். ஓங்காமலே அடிக்கும் தடி வேண்டும் என்பதுதான் கொடுங்கோலர் கண்ட கனவு. அதற்கு வேண்டிய கருவிகளை ஆர்வெல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்.

முதல் கருவி, ஐயம். அங்கே கட்சியினர் ஒவ்வொருவரின் வீட்டுச் சுவரிலும் ஒரு தொலைத்திரை. அது பேசும், பார்க்கும், கேட்கும். ஒலியைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. இந்த நொடியிலே அதன் வழியே யாரேனும் என்னைப் பார்க்கிறார்களா? தெரியாது. பார்க்காமலும் இருக்கலாம். ஆனால் பார்ப்பதாகவே கொண்டு நடக்க வேண்டும். முகத்தைத் திருத்திக்கொள்கிறான், மூச்சைத் திருத்திக்கொள்கிறான், கடைசியில் எண்ணத்தையே திருத்திக்கொள்கிறான். போலீஸ்காரன் வாசலில் நிற்கவில்லை, நெஞ்சுக்குள்ளே குடியேறிவிட்டான்!

இது ஆர்வெலின் புதுக் கண்டுபிடிப்பும் அன்று. 1791இலே ஜெரமி பெந்தம் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஒரு சிறைச்சாலைத் திட்டத்தை நூலாகவே வெளியிட்டார். வட்டமான கட்டடம்; சுற்றிலும் கைதிகளின் அறைகள்; நடுவிலே ஒரு கோபுரம்; கோபுரத்திலே இருப்பவன் கைதிகளைக் காண்பான், கைதிகள் அவனைக் காணார். எனவே, கோபுரத்திலே ஆள் இல்லாவிட்டாலும் சிறை நடக்கும்! சிக்கனமான ஏற்பாடு என்று அவர் மெய்யாகவே நம்பினார். அவர் விரும்பியபடி அதை அவர் காலத்து அரசாங்கம் கட்டவில்லை. ஆனால் அந்தக் கோபுரத்தின் நிழல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

இரண்டாம் கருவி, குடும்பம். கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் அண்டை வீட்டுக்காரன் பார்சன்ஸ். ஆட்சிக்கு அடிபணிவதிலே அவனை விஞ்ச ஆள் இல்லை. அவனும் சிறைக்கு வந்து சேர்கிறான். குற்றம்? உறக்கத்திலே பெரியண்ணனைப் பழித்து உளறினானாம். காட்டிக் கொடுத்தது யார்? ஏழு வயது மகள்! சாவித் துளையிலே காது வைத்துக் கேட்டு, மறுநாளே சொல்லிவிட்டாள். அந்தத் தகப்பன் அழுகிறானா? இல்லை. தன் மகளை நல்ல முறையிலே வளர்த்திருப்பதாகப் பெருமைப்படுகிறான். தோழா, இந்த இடத்தைப் படித்தபோது நான் ஏட்டை மூடி வைத்துவிட்டேன். சிறையிலே வதைபடுவோரைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறோம். வதைக்கு நன்றி சொல்லும் தகப்பனை எங்கே கண்டோம்?

மூன்றாம் கருவி, மறதி. வின்ஸ்டனுக்கு வேலை, உண்மை அமைச்சகத்திலே. பெயர் உண்மை, தொழில் பொய்! பழைய ஏடுகளை எடுத்து, தலைவன் சொன்னது பலிக்காமற் போன இடங்களிலெல்லாம் பலித்ததாகத் திருத்தி எழுதுவது; பழைய படியை நெருப்பிலே இடுவது. சாக்லேட் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைகிறது. மறுநாளே அறிவிப்பு: பங்கீட்டை 20 கிராமாக உயர்த்திய பெரியண்ணனுக்கு மக்கள் நன்றி தெரிவித்து ஊர்வலம் வந்தனர்! நேற்றுக் குறைந்ததை இன்று கூடியதாகக் கொண்டாடுகிறார்கள். நினைவு இல்லாதவனிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம் அல்லவா? பத்து ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு ஐந்து ரூபாயைக் கொடுத்து, வள்ளல் என்று பெயர் வாங்கலாம்.

நினைவை அழித்தால் போதாது, சொல்லையும் அழிக்க வேண்டும். அங்கே அகராதி ஆண்டுதோறும் பருக்காமல் மெலிகிறது. சொல் இல்லாவிடில் எண்ணம் எழாது. எண்ணம் எழாவிடில் எதிர்ப்பு ஏது! அந்த அகராதியைத் தொகுத்த புலவன் சைம். ஆட்சியிடம் குறையாத பற்றுள்ளவன்; ஆனால் கூரிய அறிவும் உள்ளவன். ஒருநாள் காணாமற் போகிறான். அவன் பெயர் பட்டியலிலிருந்து நீங்குகிறது. அவன் இருந்ததே இல்லை என்றாகிவிடுகிறது. கொடுங்கோலனுக்கு எதிரியை மட்டுமன்றி, விளங்கிக்கொண்டு ஆதரிப்பவனையும் பிடிப்பதில்லை. விளங்காமல் ஆதரிப்பவனே அவனுக்கு வேண்டும்.

நான்காம் கருவி, வெறுப்பு. நாள்தோறும் இரண்டு நிமிடம் எல்லோரும் கூடி, திரையிலே தோன்றும் துரோகியின் முகத்தைப் பார்த்துக் கத்த வேண்டும். முதல் அரை நிமிடம் நடிப்பு. பிறகு நடிப்பு இல்லை, வெறி. ரொட்டி இல்லாத கோபம், காலணி கிழிந்த கோபம், அன்பு இல்லாத வாழ்வின் கோபம் அத்தனையும் அந்த முகத்தின் மேல் கொட்டித் தீர்க்கப்படுகிறது. பசித்தவன் ஆட்சியைக் கேட்க வேண்டிய கேள்வியைத் துரோகியின் பக்கம் திருப்பிவிடும் தந்திரம்!

அச்சம் ஒன்றே ஆளும் கருவி என்றும் எண்ணிவிடாதே. ஆல்டஸ் ஹக்ஸ்லி, 1932இல் வெளியிட்ட தம் புதினத்திலே, அடிக்காமலே அடக்கும் ஆட்சி ஒன்றைக் காட்டினார். அங்கே மாத்திரையும் களியாட்டமும் மக்களைத் தாலாட்டும். ஈட்டன் பள்ளியிலே ஆர்வெலுக்குச் சிறிது காலம் பிரெஞ்சு கற்பித்தவர் அவர். ஆசான் தாலாட்டைக் கண்டு அஞ்சினார். மாணவர் சவுக்கைக் கண்டு அஞ்சினார். இரண்டும் ஒரே கையிலே இருக்க முடியும் என்பதை மறவாமல் இருப்போம்.

"எல்லாம் கதைதானே!" என்று நீ பெருமூச்சு விடலாம். இனித்தான் கணக்கு. ஆர்வெல் மறைந்த பதினெட்டாம் நாள், 1950 பிப்ரவரி 8 அன்று, கிழக்கு ஜெர்மனியிலே அரசுப் பாதுகாப்பு அமைச்சகம் பிறந்தது. ஸ்டாசி என்று மக்கள் அழைத்தனர். சுமார் ஒரு கோடியே அறுபது இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டிலே, 1989இல் அதன் சம்பளப் பட்டியலில் மட்டும் ஏறத்தாழ 91,000 பேர். சம்பளப் பட்டியலில் இல்லாமல் செய்தி சுமந்தவர்கள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேல். கடிதங்களை ஆவியிலே காட்டிப் பிரித்தனர், ஒட்டி அனுப்பினர். சந்தேகத்துக்கு உரியவரின் உடல் மணத்தைத் துணியிலே பிடித்துக் கண்ணாடி ஜாடியிலே அடைத்து வைத்தனர், நாய்க்கு மோப்பம் காட்ட! கதாசிரியனுக்குக் கூடத் தோன்றாத கற்பனை அது. ஆர்வெலின் நூலை வைத்திருந்ததற்காகச் சிறை புகுந்தவர்களும் அந்நாட்டிலே உண்டு.

ஒற்றர் எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். 1992 ஜனவரியிலே, சட்டப்படி, மக்கள் தம்மைப் பற்றிய கோப்புகளைத் தாமே படிக்க வழி பிறந்தது. அமைதி இயக்கத்திலே பாடுபட்ட ஒரு பெண்மணி தம் கோப்பைப் பிரித்தார். தம்மைப் பற்றி ஆண்டுக்கணக்கில் அறிக்கை அனுப்பியவர் யார் என்று தேடினார். புனைபெயருக்குப் பின்னே இருந்தது அவர் கணவர். அவர் குழந்தைகளின் தந்தை! ஆர்வெல் மகளைக் காட்டினார். வரலாறு கணவனைக் காட்டிற்று. எத்தனை வீடுகளில் அந்தக் கோப்புகள் திறந்தபோது நட்பு மூடிற்றோ, உறவு முறிந்ததோ!

அந்தக் கண் எப்படி மூடிற்று? அதையும் சொல்லவேண்டும், இல்லையேல் இந்தக் கட்டுரையே அச்சத்தைப் பரப்பிய குற்றத்துக்கு ஆளாகும். 1989 அக்டோபர் 9ஆம் நாள், திங்கட்கிழமை, லைப்சிக் நகரிலே ஏறத்தாழ 70,000 பேர் மெழுகுவத்தி ஏந்தி வீதிக்கு வந்தனர். துப்பாக்கி தயாராக இருந்தது; மருத்துவமனைகளில் குருதி தயாராக இருந்தது என்ற செய்தியும் உலவிற்று. ஆயினும் வந்தனர். அன்றிரவு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. 1990 ஜனவரி 15 அன்று மக்கள் ஸ்டாசியின் தலைமையகத்துக்குள்ளேயே புகுந்தனர். உளவாளிகள் கோப்புகளைக் கிழிக்கத் தொடங்கியிருந்தனர். இயந்திரங்கள் திணறியதால் கைகளாலேயே கிழித்தனர். கிழித்த தாள்கள் ஏறத்தாழ 16,000 மூட்டைகள். கிழிக்காமல் எஞ்சிய கோப்புகளை வரிசையாக வைத்தால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும். அத்தனை தாளும், மக்கள் அஞ்சுவதை நிறுத்திவிட்ட ஓரிரவைத் தடுக்கப் பயன்படவில்லை!

"அது அந்த முகாம், எங்கள் முகாமிலே சுதந்திரம் பொங்கி வழிந்தது" என்று மார்தட்டிய நாடுகளின் கோப்பையும் சற்றே புரட்டுவோம். ஆர்வெலைப் பிரிட்டிஷ் போலீசாரே உளவு பார்த்தனர். 2007இல் அந்தக் கோப்புகள் வெளியிடப்பட்டன. 1942இல் ஒரு போலீஸ் சார்ஜன்ட், இவர் தீவிரப் பொதுவுடைமைக் கருத்தினர், இவருக்கு இந்திய நண்பர்கள் இருக்கிறார்கள், நாடோடிக் கலைஞரைப்போல் உடுத்துகிறார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அன்று அவர் பி.பி.சி.யிலே இந்தியாவுக்கான ஒலிபரப்பில், அரசாங்கத்தின் போர் முயற்சிக்காகவே உழைத்துக் கொண்டிருந்தார்! வேலைக்காரனின் வாய்க்குத் தணிக்கை. வேலைக்காரனின் சட்டைக்கு உளவு!

இன்னும் ஒன்று உண்டு. சொல்ல மனம் கூசுகிறது. ஆயினும் மறைத்தால், உண்மை அமைச்சகத்து எழுத்தனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? 1949இலே, நோய்ப் படுக்கையிலே, ஆர்வெல் ஒரு பட்டியலை அனுப்பினார். பிரிட்டிஷ் வெளிநாட்டு அமைச்சகத்தின் பிரசாரப் பிரிவுக்கு. பொதுவுடைமைச் சார்பு உள்ளவர்கள், ஆகவே பிரசாரப் பணிக்கு நம்பத் தகாதவர்கள் என்று அவர் கருதிய 38 பேரின் பெயர்கள். உலகைச் சிரிக்க வைத்த சார்லி சாப்ளினின் பெயரும் அதிலே உண்டு. 2003இல் அந்தப் பட்டியல் முழுமையாக வெளிவந்தது. சிறையில் அடைக்கக் கேட்டதன்று அது. எழுத அழைக்க வேண்டாம் என்ற அறிவுரையே என்று அவரை ஆதரிப்போர் கூறுவர். இருக்கலாம். ஆனாலும் பட்டியல் பட்டியல்தானே!

இதனால் அந்நூலின் மதிப்புக் குறைந்ததா? இல்லை, தோழா. நூல் சொன்னது இன்னும் மெய்யாயிற்று. உளவின் கொடுமையை உலகுக்கு உரைத்தவரின் கையே, அச்சம் சூழ்ந்த ஒரு காலத்திலே, பெயர்களை எழுதிற்று என்றால், நாமெல்லாம் எம்மாத்திரம்? நல்லவன் கெட்ட காரியம் செய்ய அவனுக்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. எதிரியைப் பற்றிய பயம் ஒன்றே போதும்.

தொலைத்திரை இன்று எங்கே? அரசாங்கம் நம் வீட்டுச் சுவரிலே மாட்டவில்லை. நாமே விலை கொடுத்து வாங்கிச் சட்டைப் பையிலே வைத்திருக்கிறோம். 2013 ஜூன் மாதம், எட்வர்ட் ஸ்னோடன் என்ற இளைஞர், அமெரிக்க அரசாங்கம் தன் குடிமக்களின் தொலைபேசி அழைப்புக் குறிப்புகளை மொத்தமாகத் திரட்டுவதை உலகுக்கு வெளிப்படுத்தினார். அந்நாட்களில் '1984' நூலின் விற்பனை திடீரென உயர்ந்தது. நம் நாட்டிலே, 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் காப்பது குடிமகனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். தீர்ப்பு ஏட்டிலே இருக்கிறது. அதை வீட்டிலே நிலைநாட்டுவது நம் விழிப்பிலே இருக்கிறது.

"ஒற்றரே வேண்டாமா? திருடனும் கொலைகாரனும் திரியும் உலகிலே காவல் வேண்டாமா?" என்று நியாயமாகவே கேட்கலாம். வள்ளுவரும் ஒற்றனை அரசனுக்குக் கண் என்றுதான் சொல்கிறார். ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் அதை எங்கே வைத்தார் என்று பார். முதலிலே செங்கோன்மை, அடுத்துக் கொடுங்கோன்மை, அடுத்து வெருவந்த செய்யாமை, அதாவது மக்கள் அஞ்சும்படி ஆளாமை, அதற்கடுத்துக் கண்ணோட்டம், அதன் பிறகே ஒற்றாடல்! மக்களை அச்சுறுத்தமாட்டேன் என்று உறுதி பூண்டு, கண்ணோட்டம் கற்றுத் தேர்ந்தவன் கையிலேதான் ஒற்றன் என்னும் கருவியைத் தருகிறார். கண்ணோட்டம் என்ற சொல்லையும் எண்ணிப் பார். மனிதன் மேல் கண் ஓடுவது என்றால் தமிழனுக்கு அது வேவு அன்று, இரக்கம். அதே கண்தான். ஒன்று உன்னைக் காக்கப் பார்க்கிறது. மற்றொன்று உன்னைப் பிடிக்கப் பார்க்கிறது. நல்லாட்சிக்கும் கொடுங்கோலுக்கும் உள்ள தொலைவு அவ்வளவே!

தோழா, பிறர் வீட்டுச் சுவரை இதுவரை பார்த்தோம். நம் வீட்டுச் சுவரையும் தட்டிப் பார்க்க வேண்டாமா? ஆட்சியிலே இருப்பவனுக்கு மட்டும் வரும் நோயன்று இது. அமைப்பு என்ற ஒன்று உள்ள இடமெல்லாம் நுழையக்கூடியது. கிளைக் கூட்டத்திலே ஒருவன் எழுந்து, தலைமையின் முடிவு தவறு என்று சொல்கிறான். அவனுக்கு விடை சொல்கிறோமா, அல்லது அவன் பெயரைக் குறித்துக்கொள்கிறோமா? டீக்கடையிலே தோழன் மனம் நொந்து சொன்ன சொல்லை மாவட்டத்தின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பதவி தேடுகிறோமா? சென்ற ஆண்டு நாம் சொன்னதும் இந்த ஆண்டு நாம் சொல்வதும் முரண்பட்டால், மாறினோம், காரணம் இது என்று சொல்கிறோமா, அல்லது சென்ற ஆண்டே இல்லை என்கிறோமா? எதிரியைக் கண்டு எழும் கோபத்திலே, நம் தெருவிலே வராத குடிநீரைக் கேட்க மறந்துவிடுகிறோமா?

இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொல்லும் இயக்கத்தை எந்தச் சுவரும் அடைத்து வைக்க முடியாது. அஞ்சும் இயக்கமோ, ஆட்சிக்கு வந்தால் அச்சத்தையே பரிசாகத் தரும். தன்னிடம் இருப்பதைத்தானே எவரும் கொடுக்க முடியும்!

ஆகவே சில சிறு காரியங்களை உன்னிடம் ஒப்படைக்கிறேன். படிப்பகத்திலே பழைய ஏடுகளை எடைக்குப் போடாதே, கட்டி வை. நினைவுதான் ஏழையின் ஆயுதக் கிடங்கு. மாறுபட்டுப் பேசும் தோழனுக்கு முதலில் நாற்காலி கொடு. பிறகு மறுப்புக் கொடு. காதிலே ஓதப்பட்ட செய்தியை, ஓதியவனிடமே, மன்றத்திலே எழுந்து சொல்லும்படி கேள். பாதிச் செய்திகள் அங்கேயே செத்துவிடும். உன் மகள் கேள்வி கேட்டால் மகிழ்ச்சி கொள். அவள் வளரும் வீட்டிலே, உறக்கத்தில் உளறியதற்குத் தந்தையைக் காட்டிக் கொடுக்கும் எண்ணம் முளைக்காது.

கண்ணாடி வீட்டிலே டி-503 அழ மறந்தான். தொலைத்திரைக்கு முன்னே வின்ஸ்டன், கடைசியிலே, பெரியண்ணனை நேசித்தான். லைப்சிக் வீதியிலே பெயர் தெரியாத எழுபதாயிரம் பேர் மெழுகுவத்தி ஏற்றினர். மூன்றும் மனிதருக்கு நேரக்கூடியவைதாம். எது நமக்கு நேரும் என்பதைச் சுவர் முடிவு செய்வதில்லை. சுவருக்கு முன்னே நிற்பவன் முடிவு செய்கிறான்.

நிமிர்ந்து நில், தோழா! பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.